புதன்கிழமை நாய்

"மொதலாளி கடைய மூடிட்டு, நாயக் கூட்டிக்கிட்டு அருவிக்குப் போயிருக்காருங்க" என்றாள் வெற்றிலை விற்கும் ஜெயலெட்சுமி.

புஹாரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "யாரு, மொஹிதீன் முதலாளியா? நாயயா?"

"ஆமாங்க. புதன்கெழம ஆனா போயிருவாரு. மழ பேஞ்சாலும் போவாரு. ஏன்னு கேட்டா சிரிச்சிட்டு நடந்துருவாருங்க."

புஹாரி பதுளையில் தகரப் பெட்டி விற்கும் கடை வைத்திருப்பவர். இலங்கை இந்திய ஒப்பந்தப்படி நாட்டை விட்டு இந்தியாவுக்குப் போகிற தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் கட்ட அவரிடம்தான் பெட்டி வாங்கும். மூன்று வருஷமாக வியாபாரம் ஓகோ என்று நடக்கிறது.

ஆனால் இன்று அப்புத்தளைக்கு வந்தது வியாபாரத்துக்கு அல்ல. மகன் ஷுக்ரிக்கு, புடவைக்கடை மொஹிதீனின் மகள் ஹம்ஸியாவைப் பேசியிருந்தது. 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் காலை ரயிலில் ஏறி வந்தார்.

இப்போது அந்த வார்த்தையைச் சொல்வதா வேண்டாமா என்றாகிவிட்டது. மார்க்கப்படி, நாயின் ஈரம் மேலே பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற மனிதருக்கு இது தெரியாதா? இந்த வீட்டிலா பெண் எடுப்பது?

நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். கோபம் பாதி, என்னதான் நடக்கிறது என்று அறிகிற ஆசை பாதி. உண்மையைச் சொன்னால் ஆசைதான் கூட.

தேயிலைக்குள் இறங்கிய ஒற்றையடிப் பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு, அரை மணி நேரம் நடந்தார். அருவி தெரிந்தது. மொஹிதீனும் தெரிந்தார்.

அருவி விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாறையில் அவர் உட்கார்ந்திருந்தார். நீளக் கயிறு ஒன்றின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தார். மறுநுனியில் ஒரு காது அறுந்த செவலை நாய்.

புஹாரி மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார். சம்பந்தம் பேச வந்தவர் செய்கிற வேலையா இது? இருந்தாலும் விஷயம் தெரியாமல் திரும்பிப் போக அவரால் முடியாது.

நனைந்த நாய் உடம்பைச் சிலிர்த்தது. மொஹிதீனின் கை முழுக்கத் தண்ணீர் தெறித்தது. அவர் எழுந்து, கயிற்றை ஒரு வேரில் கட்டிவிட்டு, ஓடையில் குனிந்து மண் தேய்த்துக் கையைக் கழுவினார். புஹாரி எண்ணினார். சரியாக ஏழு தடவை!

அவருக்குத் தலை சுற்றியது. இவ்வளவு பேணுதல் உள்ளவருக்கு நாய் எதற்கு? அதைக் குளிப்பாட்டவும் இல்லை, விளையாட விடவும் இல்லை. சாரல் படாத இடத்தில் நல்ல காய்ந்த பாறை இருக்க, மனிதர் மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரைச்சலுக்குள்ளேயே நடுங்கி நடுங்கி உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்க்கிறார்!

அதற்குமேல் புஹாரிக்குப் பொறுக்கவில்லை. "மொஹிதீன் நானா!" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். காதில் விழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டும் விழவில்லை. கடைசியில் பக்கத்தில் போய்க் கத்தினார்.

மொஹிதீன் திடுக்கிட்டு எழுந்தார். வந்திருப்பது யார் என்று கண்டதும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கயிற்றை மறைத்து என்ன செய்ய, நாய் முன்னால் நின்று வாலாட்டியது.

"என்னா நானா இது? எங்கட ஆக்கள் செய்ற வேலயா?"

"நீங்க கண்டா பேச்சு முறியும்டு தெரியும்" என்றார் மொஹிதீன், குரலை உயர்த்தி. "மகள நெனச்சி ரெண்டு தரம் இத தூரத்துல விட்டுட்டு வரவும் பாத்தேன். மனசு கேக்கல்ல."

"யார்ட நாய்?"

"தோட்டத்துப் பெரியாயிட. எண்ட கடையிலதான் எப்பவும் துணி எடுப்பா. அவ இந்தியாவுக்குப் போன புதன்கெழம, வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். நாய ஏத்த ஏலாதுண்டுட்டாங்க. 'இதப் புடிங்க மொதலாளி'ண்டு கயித்த எண்ட கையில தந்தா. ஒரு நிமிசத்துக்குத்தானேண்டு புடிச்சேன். கோச்சி போயிட்டுது."

"சரி, அதுக்கு ஏன் அருவிக்கு வரணும்?"

"மத்தக் கோச்சிக்கெல்லாம் இது தலயக் கூடத் தூக்காது. புதன்கெழம இந்தியாக் கோச்சில சனம் கதறி அழுவுதே, அந்தச் சத்தம் கேட்டாப் போதும். கயித்த அறுத்துக்கிட்டுச் சுரங்கம் வரைக்கும் தண்டவாளத்துல ஓடும், அவளத் தேடி. காது அப்பிடித்தான் போச்சி. இனி உசிரும் போயிடும்." மொஹிதீன் அருவியைக் காட்டினார். "அந்த அழுகை கேக்காத எடம் இது ஒண்டுதான்."

புஹாரி அந்த நாயைப் பார்த்தார். பெரியாயியும் ஒருவேளை அவர் கடைப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். பெட்டிக்குள் வைக்க முடியாததை எல்லாம் அந்தச் சனம் என்ன செய்தது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"ஒங்கட முடிவு என்னண்டு செல்லிட்டுப் போங்க" என்றார் மொஹிதீன், தலையைக் குனிந்துகொண்டு.

புஹாரி தன் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டினார். நனைந்த பாறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோச்சி போக இன்னும் பத்து நிமிசம் ஈக்கி. கயித்த இங்கால தாங்க, சம்பந்தி. நீங்க போய்க் காஞ்ச எடத்துல இருங்க."