யெல்லேயின் பத்தியம்

துறைமுகத்து உணவகத்தில் யெல்லே ஒரு பீர் கேட்டதுதான் தாமதம், மனைவி ஆஃப்கே மேசையைத் தட்டினாள்.

“யூரிக் ஆசிட் ஏறிக் கிடக்கிற உடம்புக்குப் பீர் ஒண்ணுதான் குறைச்சல்! கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாக்கூட அலறினீங்களே, மறந்துபோச்சா?”

“சரி, ஹெர்ரிங் மீனாவது…”

“அதுவும் ஆகாது. ஈரல், சிப்பி எதுவும் கூடாது. இவருக்கு உருளைக்கிழங்கும் முட்டையும், ஆடை எடுத்த பாலும் கொண்டாம்மா.”

பரிமாறும் பெண் டீனெக்கே சிரித்துக்கொண்டே கொண்டுவந்தாள். யெல்லே மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர் வெங்காயம் தூவிய மீனை விழுங்குவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஃப்கே கைகழுவப் போனதும் டீனெக்கே கேட்டாள்.

“பாவம் ஐயா நீங்க. எத்தனை வருஷமா இந்த வலி?”

“எனக்கு அந்த வலி வந்ததே இல்லம்மா.”

“அப்போ அவங்க சொன்னது?”

“அவளோட முதல் புருஷன் வீபேக்கு இருந்தது. அவர் செத்து முப்பத்தஞ்சு வருஷமாச்சு. அப்புறம் என்னைக் கட்டிக்கிட்டா, முப்பது வருஷம் வாழ்ந்தோம். இப்போ மறதி நோய். என்னை மட்டும் சுத்தமா மறந்துட்டா.”

“நீங்க யாருன்னு எடுத்துச் சொல்லலாமே?”

“ஒரு தடவை சொன்னேன். வீட்டுக்குள்ள யாரோ புகுந்துட்டான்னு பயந்து தெருவுக்கு ஓடிட்டா.”

ஆஃப்கே திரும்பி வந்து அவர் கையை வாஞ்சையோடு பிடித்தாள்.

“வீட்டுக்குப் போலாமா, வீபே?”

“போலாம்” என்று எழுந்த யெல்லே, லேசாக நொண்டியபடியே அவளோடு நடந்தார்.