வெற்றுக் கணம்

"எல்லாம் பச்சை. இது மட்டும் ஏன்டா சிவப்பு?"

அந்தக் கணித ஆய்வு மையத்தில் தலைமை ஆய்வாளரை எல்லோரும் 'மேடம்' என்பார்கள். கூடப் பிறந்த தம்பிக்கும் அதே சட்டம்தான். 'டா' போடும் உரிமை மட்டும் அக்காவிடமே இருந்தது.

கணிதச் சான்றுகளை, அதாவது நிரூபணங்களை, வரி வரியாகப் படித்து, சரியா தப்பா என்று சொல்லும் பழைய புரோகிராமை அவன் ரஸ்ட் என்ற புதுக் கணினி மொழியில் திரும்ப எழுதியிருந்தான். இரண்டு வருட உழைப்பு. பெண் பார்க்கலாமா என்றால்கூட, "முதல்ல இது ஓடட்டும்" என்று தள்ளிப்போட்டவன். பழையது ஏற்றுக்கொண்ட சான்றுகளை எல்லாம் புதியதும் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை; ஏற்றால் திரையில் பச்சை, மறுத்தால் சிவப்பு. அக்கா கையெழுத்துப் போடாவிட்டால் அத்தனையும் குப்பை.

"அந்தச் சான்றுல ஓட்டை இருக்கு, மேடம்."

"'ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம்'னு வருமே, அந்த இடமா?" திரையைப் பார்க்காமலே கேட்டாள்.

"அதேதான். அந்தக் கணத்துல உறுப்பே இல்லைன்னா? காலி டப்பாவுல கையை விட்டு பிஸ்கட் எடுக்கிற கதை."

"பழையது ஒத்துக்கிச்சே?"

"அது அப்பிராணி. எதுக்கும் தலையாட்டும்."

பக்கத்து நாற்காலிக்காரர் அவன் காலை மிதித்தார். "தம்பி, இது ஒண்ணை மட்டும் கண்டுக்காம விடுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் சார்."

அக்காவின் குரல் உயர்ந்தது. "இன்னைக்கு இது பச்சையாகலைன்னா உன் ரெண்டு வருஷமும் தண்டம். புரியுதா?"

அவன் சூரன் எல்லாம் இல்லை. கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல் ஏறுகிறவன். இருந்தும், "தண்டமாகட்டும். மாத்த மாட்டேன்" என்றான்.

"அக்கா சொன்னாக்கூடவா?"

"அக்காங்கிறதாலதான் மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன்க்கா."

அவள் திரையில் இருந்த சிவப்பு வரியை ஒருமுறை படித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, புதிய புரோகிராமுக்கு ஒப்புதல் என்று கையெழுத்திட்டாள். பழையதற்கு அன்றோடு ஓய்வு.

வராந்தாவுக்கு வந்து கைபேசியை எடுத்தாள். கண்ணில் நீர், வாயெல்லாம் பல்.

"அம்மா! எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்த சான்றையே உன் பிள்ளை தப்புன்னு காட்டிட்டாம்மா! நான் எவ்வளவு மிரட்டியும் மசியலையே, என் தம்பி!"