தலையில் கட்டிய பிரிண்டர்

"உன் மண்டைக்குள்ளே ஏதாவது இருக்காம்மா?" என்று மேலாளர் புருஷோத்தமன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் நறுமுகையைக் கேட்டார். சபையில் வாய் திறந்து பழக்கமில்லாத அவள் தலைகுனிந்து நின்றாள்.

அந்த அலுவலகத்தில் யாரும் தட்டச்சு செய்வதில்லை. காதில் மாட்டிய கருவி வழியே, நினைத்தது பிரிண்டரில் வந்துவிடும். நறுமுகை நினைத்ததோ புருஷோத்தமன் அறைப் பிரிண்டரிலும் வந்தது. அவர் அதைத் தன் யோசனையென்று கூட்டத்தில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார். அவள் தன் கருவியின் பட்டியலிலிருந்து அந்தப் பிரிண்டரை நீக்க நீக்க, மறுநாள் காலையில் உண்ணி மாதிரி திரும்ப ஒட்டிக்கொண்டது.

"சர்வர்லேயே மேனேஜர் அதை உங்க தலையில கட்டி வெச்சிருக்காரு மேடம். இங்கே அழிச்சுப் பிரயோஜனமில்லை," என்றான் கணினி பழுதுபார்க்கும் ஆரோக்கியம்.

"அப்போ இருக்கட்டும், விடுங்க," என்றாள்.

முதலாளி வந்த கூட்டத்திலும் புருஷோத்தமன் வழக்கம்போல, ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல், சூடான தாளைக் கொண்டுவந்து கணீரென்று வாசித்தார்: "ஐயா, நம் கம்பெனிக்குப் பெரிய பாரம் நான்தான். இதுவரை நான் வாசித்ததெல்லாம் நறுமுகை யோசித்தது. என் மண்டைக்குள்ளே..."

நாக்கு அங்கேயே நின்றது.

"மிச்சத்தையும் வாசிங்க சார்," என்றாள் நறுமுகை.

தாளை மேசையில் வைத்துவிட்டுப் புருஷோத்தமன் வெளியேறினார்.