நாலாவது தண்ணி

"மூணு தடவை ஊத்தி நீங்க குடிச்சாச்சு. அந்தச் சக்கையில நாலாவது தண்ணி எனக்காக்கும்?"

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"குடிச்சுப் பாரேன். இதுதான் இனிப்பா இருக்கும்" என்றார் கணவர்.

ரிடையர் ஆன கையோடு அவரைப் பிடித்த கிறுக்கு இது. புளிக்க வைத்து, வருஷக்கணக்கில் பழசாக்கி, தட்டையாக அழுத்தின சீனத் தேயிலை. பார்க்க வறட்டி மாதிரி இருக்கும். அதை ஊசியால் பெயர்த்து, சின்னக் கெண்டியில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, முதலில் வருவதைக் கீழே கொட்டிவிடுவார். இலையைக் கழுவுகிறாராம். அதற்கப்புறம் மூன்று முறை ஊற்றி, மூன்றையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே அவரே குடிப்பார். நாலாவதுதான் அவளுக்கு.

அவள் தங்கையிடம் போனில் புலம்பித் தீர்த்தாள்.

"வயித்துப்புண்ணுன்னு டாக்டர் என் காபியை நிறுத்திட்டார். இருக்கிற ஒரு டீயிலயும் சாரமெல்லாம் அவருக்கு, சக்கை எனக்குடி!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். அன்றைக்கும் அதே நாலாவது தண்ணி. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லார் எதிரிலும் கோப்பையை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினாள்.

"மிச்சத்தைக் குடிச்சு வளர்ந்தவ இல்ல நான்."

மறுநாளிலிருந்து கெண்டி அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. அவர் காபிக்கும் திரும்பவில்லை, வெறும் வெந்நீர் குடித்தார். வீம்பைப் பாரு என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆறாவது மாதம், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அலமாரியைச் சுத்தம் செய்தபோது பாதித் தேயிலைக் கட்டி கிடைத்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள்.

"இதை எப்படிப் போடறதுன்னு சொல்லித் தர்றீங்களா?"

"புதுசா ஆரம்பிக்கிறீங்களா? உடம்புக்கு ஏதாவது உண்டா?" கடைக்காரப் பெண் கெண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"வயித்துப்புண்."

"அப்போ கழுவின பிறகு வர்ற மூணு தண்ணியை நீங்க தொடாதீங்கம்மா. கடுங்கசப்பா இருக்கும், வயித்தைப் புடுங்கும். நாலாவதுல இருந்து குடிங்க. லேசா இனிக்கும்."

அவள் கையிலிருந்த பாதிக் கட்டியைப் பார்த்தாள்.

"அந்த மூணு தண்ணியை?"

"கொட்டிடுங்க. இங்க ஒரு சார் வருவார், அவர் வீட்டம்மாவுக்கும் இதே வயித்துக் கோளாறுதான். அந்த மூணையும் அவரே குடிச்சிடுவாராம். கொட்டினா, தனக்காக இவ்வளவு வீணாகுதேன்னு அவங்க டீயையே விட்டுடுவாங்களாம். இத்தனைக்கும் மனுஷனுக்கு டீயே ஆகாது, அசல் காபிக்காரர். 'அவளுக்கு இல்லாத காபி எனக்கு எதுக்கு?'ன்னு சிரிப்பார்."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்காரப் பெண் மூன்று தண்ணீரையும் கொட்டிவிட்டு, நாலாவது தண்ணீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ரொம்ப நாளா ஆளைக் காணோம். வீட்டம்மாவுக்கு நல்லா குணமாயிடுச்சு போல."