பச்சை எரிந்தால் வேலை

“நடிப்பு,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் மேனேஜர்.

தையல் ஆலையின் முதலுதவி அறைக் கட்டிலில் பட்டன் அக்கா சுருண்டு கிடந்தாள். பட்டன் தைக்கிற பிரிவில் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆலைக்குள் யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து குடிக்கிற தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

“சார், கண்ணெல்லாம் உள்ளே போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆகணும்,” என்றாள் சிஸ்டர்.

“பெட்டி என்ன சொல்லுது?”

சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். “பச்சைதான் சார்.”

மேஜைமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டி போன மாதம் வந்தது. கூடவே மாத்திரை அளவில் சென்சார்கள். ஒன்றை முழுங்கினால் போதும். குடலுக்குள் போய்க் கெட்ட கிருமியை மோப்பம் பிடித்துப் பெட்டிக்குச் சேதி சொல்லும். அளவுக்கு மேல் இருந்தால் சிவப்பு எரியும், இல்லையென்றால் பச்சை. சிவப்பு எரிந்தால்தான் லீவு என்பது மேனேஜர் போட்ட சட்டம். முதல் மாத்திரையை அவரே முழுங்கி, அதைப் படம் பிடித்து அறைச் சுவரில் பெரிதாக மாட்டியும் வைத்திருந்தார்.

வந்த நாளிலிருந்து சிவப்பு ஒருதடவைகூட எரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். அத்தனை பேரையும் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டுத் திருப்பி அனுப்பி, சிஸ்டருக்கே தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

“மெஷின் பொய் சொல்லாதும்மா, மனுஷங்கதான் சொல்லுவாங்க. எழுந்து போய் வேலையைப் பார்க்கச் சொல்லுங்க.”

“போறேன் சிஸ்டர். எனக்காக நீங்க பேச்சு வாங்காதீங்க,” என்று எழுந்தாள் பட்டன் அக்கா. ரெண்டடி வைத்திருப்பாள், சுவரோடு சுவராகச் சரிந்தாள்.

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நடிக்கிறவளுக்கு நாக்கு இப்படியா சார் வறண்டு கிடக்கும்? பெட்டியைப் பார்க்கிறீங்களே, ஒருதடவை இவ முகத்தைப் பார்த்தீங்களா? நான் அனுப்பத்தான் போறேன்.”

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மேனேஜர் தடுக்கவில்லை. அவர் குரல் மட்டும் தணிந்தது.

“அனுப்புங்க. நாளைக்குப் பெட்டிக் கம்பெனி இன்ஜினீயர் வருவார். பெட்டி சரிதான்னு அவர் சொல்லிட்டா, அவளுக்கும் இங்க வேலை இல்ல, உங்களுக்கும் இல்ல.”

மறுநாள் இன்ஜினீயர் வந்தார். பெட்டியைத் திறந்து, வயரை மாட்டி, தன் லேப்டாப்பில் எதையெதையோ தட்டிப் பார்த்தார். சிஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“பெட்டியில ஒரு கோளாறும் இல்ல,” என்றார் கடைசியில்.

“கேட்டீங்களா சிஸ்டர்?” மேனேஜரின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“ஆனா ஒண்ணு சார். முதல்ல நல்ல ஆரோக்கியமான ஒருத்தரை முழுங்க வச்சு, அவர் குடல்ல இருக்கிறதுதான் சரியான அளவுன்னு பெட்டிக்குப் பழக்கணும். அதுக்கு மேல போனாத்தான் சிவப்பு. நீங்க யாரை வச்சுப் பழக்கினீங்க?”

மேனேஜர் மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

“ஏன் கேட்கிறேன்னா, அந்த மனுஷன் குடல்ல கிருமி கொட்டிக் கிடக்கு. சிலரை அது ஒண்ணும் பண்ணாது, ஜம்முன்னு திரிவாங்க. அவரை அளவா வச்சா ஊர்ல இருக்கிற நோயாளி அத்தனை பேருக்கும் பச்சைதான் எரியும்.”

சிஸ்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மாத்திரையை ரெண்டு விரலில் பிடித்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார் மேனேஜர்.

படத்துக்குக் கீழே நின்றவரின் கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

“சிஸ்டர், எனக்கும் காலையிலிருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேனே.”

சிஸ்டர் பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“உங்களுக்கு எப்பவும் பச்சைதான் சார். போய் வேலையைப் பாருங்க.”