ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் வருவேன்" என்று கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள் ஹேமலதா.

பக்கத்து வீட்டு டிவி காதைப் பிளந்தது. ஏதோ சீரியலில் மாமியாரும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வுடு ஹேமா. தறி சத்தத்துலயே பொறந்து வளந்தவ நீ. இது உன்ன இன்னா பண்ணுது?" என்றான் கணவன் லோகநாதன்.

"தறி சத்தம் சோறு போடுது. இது இன்னா போடுது? நாளைக்குப் பொண்ணுக்குப் பரீட்சை. மத்த நாள்ல அந்த வூட்ல டிவி இருக்கறதே தெரியாது. ஞாயித்துக்கெழமை ஏழு மணி ஆனா மட்டும் இன்னா வருதோ தெரியல. ஒத்தை ஆளுக்கு ஊருக்கே கேக்கற மாதிரி டிவி!"

அந்த ஒத்தை ஆள் தனசேகரன். பட்டு நெய்பவர். மனைவி போய் மூன்று வருடமாகிறது. ஒரே மகன் சுதாகர் பட்டாளத்தில் சேர்ந்து எல்லையில் இருக்கிறான்.

ஹேமலதாவின் கோபத்துக்கு டிவி மட்டும் காரணமில்லை. போன வாரம் சினிமாக் கொட்டகையில் நடந்ததும் அதில் சேர்த்தி.

ஆரணிக்கு ஒரு போர்ப் படம் வந்திருந்தது. நிஜ சண்டையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல எடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பட்டுக்கடை அருணகிரி தெரு ஜனங்களுக்கெல்லாம் டிக்கெட் எடுத்தார். தனசேகரனை நடு சீட்டில் உட்காரவைத்து, "நம்ம தெருவுக்கே பெருமை" என்று சால்வையும் போர்த்தினார்.

படத்தில் அப்போது யாரும் சாகக்கூட இல்லை. பதுங்குகுழியில் நாலு சிப்பாய்கள் டீ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் தொம்... தொம்... என்று குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். தனசேகரன் விருட்டென்று எழுந்தார். சால்வையை சீட்டிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கடைசியில் கொட்டகையே மூக்கைச் சிந்தியது. ஹேமலதாவின் முந்தானை நனைந்துபோனது.

"யாரு பெத்த புள்ளைங்களுக்கோ நாம அழுதோம். புள்ளய அனுப்புன மனுசன் பாதில எழுந்து போறாரு. கல்லு மனசு!" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் தனசேகரனின் தறிச் சத்தம் கேட்கவில்லை. அந்தத் தெருவில் யார் தறி நின்றாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏன் நின்றது என்று போய்க் கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. ஹேமலதாவுக்கும்தான்.

"பெரியப்பா!" என்று சத்தம் போட்டபடியே அவர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

தனசேகரன் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். தறியோரம் ஸ்டூலில் செல்போன், ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது.

"யாருப்பா அது? ஹேமா அக்கா கொரலு மாதிரி கீது?" சுதாகர்தான்.

"ஆமாம்பா. உங்க அத்தை வூட்டு ஜனங்கல்லாம் வந்துகீறாங்க இல்ல, அவங்களப் பாக்க ஹேமாவும் வந்துகீது."

"போன வாரமும் வந்தாங்கன்னியே?"

"வாராவாரம் வராங்கப்பா. நான் தனியா இருக்கக் கூடாதாம். பேசிப் பேசி ஒரே பேஜாரு."

"இருக்கட்டும்பா. நீ தனியா கெடக்கறியோன்னுதான் எனக்குக் கவலை. அந்த சத்தத்தக் கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறுது."

ஹேமலதா சுற்றிலும் பார்த்தாள். ஒரு தட்டு. ஒரு டம்ளர். மூலையில் இருந்த டிவியில் 'அத்தை வீட்டு ஜனங்கள்' சொத்துக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் படத்துக்குப் போனியாப்பா?"

"எங்கப்பா போறது? தறியில வேலை கெடக்குது."

"போவாத. அதெல்லாம் சும்மா டூப்பு. இங்க நாங்க நல்லா சாப்ட்டு, வாலிபால் ஆடிகினு கீறோம்."

அப்போதுதான் போனுக்குள்ளிருந்து கேட்டது. தொம்... தொம்...

ஹேமலதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம் கொட்டகையில் கேட்ட அதே சத்தம்.

"இன்னிக்கும் ரோடு போடறாங்களாப்பா?" என்றார் தனசேகரன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போன் இருந்த ஸ்டூலைத்தான் இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"ஆமாம்பா. பாறைக்கு வெடி வைக்கறாங்க. ஆறு மாசமா இதே வேலைதான்."

"போடட்டும்பா, போடட்டும். நீ மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நில்லு."

அவர் ஏன் பாதிப் படத்தில் எழுந்து போனார் என்று ஹேமலதாவுக்கு இப்போது உறைத்தது. ஆறு மாதமாக மகன் சொன்னதை நம்பிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத்தான் உண்மையைக் கேட்டிருக்கிறார். கேட்டும் இன்னும் நம்புகிற மாதிரியே பேசிக்கொண்டிருக்கிறார். கல் மனசு என்று சொன்ன வாயை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் எதற்கு வந்தாள் என்பது அவருக்கும் தெரியும். குறைத்துவிடுகிறேன் என்று சைகை காட்டி ரிமோட்டைத் தேடினார். ஹேமலதா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"இன்னாங்க! பசங்களக் கூட்டிகினு இங்க வாங்க. புக்கு கெடக்கட்டும், அப்புறம் படிச்சிக்கலாம். எதிர் வூட்டு பரிமளாவையும் கூப்புடுங்க. ஜல்தி!"

"சுதாகரு, எப்பிடிடா கீற?" என்று லோகநாதன் வாசலிலேயே ஆரம்பித்தான். பசங்கள் போனுக்கு முண்டியடித்தார்கள். பரிமளா வந்தாள். அவள் வாயைத் திறந்தால் பத்துத் தறிக்குச் சமம்.

ஹேமலதா மெதுவாக ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.