பொடிசு நன்றாகத் தூங்கினாள்

தேர்வு அறையை விட்டு அவள் வெளியே வந்ததும் பொடிசு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் இன்னைக்குப் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன்."

அவளுக்கு நிற்கவே முடியவில்லை. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது.

மூன்றாவது கேள்வி, வெள்ளை அணுக்களை எண்ணிக் கணக்கிடும் முறை. பொடிசு வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இன்று கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்து தெரிந்தது, தலையில் ஏறவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

இருவரும் ஒரே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர்கள். ஊழியர் குடியிருப்பில் எதிரெதிர் வீடு. தன்னைவிட இளையவள் என்பதால் அவள் வைத்த பெயர்தான் பொடிசு. பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. ஒன்றே ஒன்று. அதற்குத்தான் இந்தத் தேர்வு. அவள் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள்.

வாசலில் பொடிசின் கணவன் கைக்குழந்தையோடு நின்றிருந்தான்.

"ஒரு வாரமா இவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லக்கா. நான் ஏதாவது சொன்னா எரிஞ்சு விழுவா. நேத்து நீங்க போன்ல பேசினதும் கொழந்த மாதிரி போய்ப் படுத்துட்டா."

"இனிமே படிச்சா படிச்சதும் மறந்து போகும், வெந்நீர்ல கொஞ்ச நேரம் காலை வெச்சுட்டுப் படு, நானும் புத்தகத்த மூடிட்டேன்னு சொன்னாங்க," என்று கணவனிடம் சொன்ன பொடிசு அவள் பக்கம் திரும்பினாள். "நீங்களே மூடிட்டீங்கன்னதும்தான் எனக்கு தைரியமே வந்துச்சுக்கா."

வெந்நீர் யோசனையெல்லாம் பயிற்சி வகுப்பில் யாரோ சொன்னது. அவள் அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருந்தாள். ஒன்றையும் நம்பவில்லை.

பொடிசின் முகம் கழுவித் துடைத்ததுபோல் தெளிந்திருந்தது.

"அட விடு, இதுல என்ன இருக்கு," என்றாள் அவள்.

குழந்தை அவளிடம் தாவியது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமலிருக்க அது வசதியாக இருந்தது.

"ஆனா உங்க வீட்ல விடிய விடிய லைட் எரிஞ்சுதேக்கா," என்றான் அவன். "இவனுக்குப் பால் கலக்க எழுந்தப்பல்லாம் பாத்தேன்."

அவன் சும்மாதான் சொன்னான். ஏதாவது பேச வேண்டுமே என்று.

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். காது மடல் சுட்டது.

பொடிசு அவள் கண்களைப் பார்த்தாள். சிவந்து, இமை தடித்துக் கிடந்த கண்களை. பொடிசின் உதட்டில் இருந்த சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, போவது தெரியாமல் போனது.

பொடிசு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அக்காவுக்கு லைட் எரிஞ்சாத்தான் தூக்கமே வரும். உங்களுக்கு என்ன தெரியும். வாங்க போலாம், வெயில் ஏறுது."

குழந்தையை அவள் தோளிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரவு வேலை வரும் நாட்களில் இருவருக்கும் ஒரே ஓய்வறைதான். கதவிடுக்கில் கோடாக வெளிச்சம் வந்தாலே அவளால் கண்மூட முடியாது. துப்பட்டாவை நாலாக மடித்து அவள் கண்ணைக் கட்டிவிடுவது பொடிசுதான்.